பொருள் எண் மூன்று

எட்டரைக்கு என்று அழைப்பு.
ஒன்பதே முக்காலுக்குத்தான் கோரம் சேர்ந்தது.
சோஹார், ஃபலஜ் போகும் வழியில் உணவகத்தின் மாடி அறை.
நான் செயலாளர். நெய்ரோஸ்ட்டின் எண்ணெய்
குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

பொருள் எண் ஒன்று: ஆண்டு விழா,
பட்டிமன்ற நடுவருக்கு விமானச் சீட்டு.
ஐம்பது நிமிடம்.
பொருள் எண் இரண்டு: சங்கச் சின்னத்தில்
பாம்பின் தலை இடப்பக்கமா, வலப்பக்கமா.
இருபது நிமிடம்.
பொருள் எண் மூன்று: கிரியேட்டினின்.

ஜூலை முகாமில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
கை நீட்டினார்கள்.
முப்பத்தொன்பது பேரின் சிறுநீரகங்கள்
அறுபது வயதைத் தாண்டியிருந்தன.
அவர்களில் யாருக்கும் நாற்பது ஆகவில்லை.

நிறைய தண்ணீர் குடியுங்கள் என்று
ஐந்து மொழிகளில் சுவரொட்டி அச்சடித்திருந்தோம்.
ஒன்றைக் கையில் கொடுத்தேன்.
அய்யாக்கண்ணு, சாரம் கட்டுகிறவர், விளாத்திகுளம் பக்கம்,
சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சிரித்தார்.

"தண்ணி இருக்கு டாக்டரம்மா. ஐஸ் போட்டே தாராக.
குடிச்சா எறங்கணும்லா.
பதினாலு மாடி. போயிட்டு ஏறி வர அரை மணி நேரம்.
போர்மேன் கடிகாரத்தத் தட்டிக் காட்டுவான்.
அதான், விடியக்காலம் ஒரு சொம்பு,
பொழுதடைஞ்சா ஒரு சொம்பு."

இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சிறுநீரக மருத்துவம்.
நான் படித்த எந்தப் புத்தகத்திலும்
படிக்கட்டு இல்லை.

நான்கு மாடிக்கு ஒரு கழிப்பறை.
கேட்க வேண்டியது அவ்வளவுதான்.
அதற்கு இரண்டு மணி நேரம்.

"நாம இங்க விருந்தாளிங்க" என்றார் தலைவர் நவநீதன்.
"விருந்தாளிக்கும் சிறுநீரகம் ரெண்டுதான் சார்"
என்றாள் பொருளாளர் மெகர் நிஷா.
யாரோ இருமினார்கள்.
யாருக்கோ செப்டம்பரில் உரிமம் புதுப்பிக்க வேண்டும்.
யாருக்கு என்று குறிப்பில் எழுதவில்லை.

வரைவில் "கோருகிறோம்" என்று இருந்தது.
அடித்து "வேண்டுகிறோம்" ஆக்கினார்கள்.
அது "பரிந்துரைக்கிறோம்" ஆகி,
நள்ளிரவு தாண்டியபோது
"பணிவுடன் கவனத்திற்குக் கொண்டுவருகிறோம்"
என்று குனிந்து நின்றது.

அரபிக்கு மாற்றித் தர
மாவட்ட மருத்துவமனையின் டாக்டர் ஹமதிடம் போனேன்.
கந்தூராவின் கைமடிப்பை ஏற்றிவிட்டு, படித்து, நிமிர்ந்தார்.
"கேட்கிறீர்களா, கேட்கவில்லையா?"
கேட்கிறோம் என்றேன்.
"அப்போது இது எதற்கு?" என்று
பணிவைப் பேனாவால் தள்ளிவிட்டு
ஒற்றைச் சொல்லில் எழுதினார்.
கீழே தன் பெயரையும்.
அவரைக் கையெழுத்துக் கேட்க
எங்கள் தீர்மானத்தில் இடமே இல்லை.

அறுபத்தொரு உறுப்பினர். நாற்பத்து நான்கு கையெழுத்து.
ரூஃபஸ் போடவில்லை.
நோயாளிகளின் பெயரை மறைத்து, வயதையும் வேலையையும் நிரப்பி
அந்த அட்டவணையை விடிய விடியத் தட்டியவர் அவர்தான்.
இதையும் குறிப்பில் எழுதவில்லை.
எழுதியிருக்க வேண்டும்.

பதினோரு வாரம் கழித்துப் பதில் வந்தது:
பெறப்பட்டது.

டிசம்பரில், துறைமுகச் சாலையில், சிக்னலில் நிற்கும்போது
கிரேனின் நுனியில் ஒரு நீலப் பெட்டி
காற்றில் மெல்லத் திரும்பித் திரும்பி
எட்டாம் மாடிக்குப் போவதைப் பார்த்தேன்.
பின்னால் ஹாரன். பச்சை விழுந்திருந்தது.
அன்று இரவு அதே பெட்டியின் படத்தை
ரூஃபஸ் குழுவில் போட்டார், ஒரு வார்த்தையும் இல்லாமல்.

எங்கள் கடிதத்தாலா, தெரியாது.
ஒரு கட்டடம்தான்.
பக்கத்தில் இன்னும் ஆறு எழும்பிக்கொண்டிருக்கின்றன.
முகாம் பட்டியலில் நூற்றேழாம் எண், அய்யாக்கண்ணு,
செப்டம்பரிலேயே அனுப்பிவிட்டார்கள்.
கோவில்பட்டியில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ்.
நீலப் பெட்டியை அவர் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டம் வரும் வியாழன்.
பொருள் எண் மூன்றை முதலில் எடுக்க
முன்மொழிகிறேன்.
வழிமொழிய ஒருவர் வேண்டும்.